மாத்திரைக்கு அடங்காத ஒற்றைத் தலைவலி... நரம்பைத் தட்டிக் கொடுத்தால் தணியுமா?

கடுகு தாளிக்கிற வாசனை குமட்டுகிறது. பக்கத்து வீட்டு மிக்ஸி மண்டைக்குள்ளேயே ஓடுகிறது. ஜன்னல் வழியாக வரும் வெயில் கண்ணில் ஊசியாக இறங்குகிறது. நெற்றிப்பொட்டில், அதுவும் ஒரே ஒரு பக்கம், யாரோ சின்னச் சுத்தியலால் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருட்டறையில் போய்ப் படுத்தால், "ஒரு தலைவலிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று ஹாலில் இருந்து ஒரு குரல் வரும். ஒற்றைத் தலைவலி குடியிருக்கும் வீடுகளில் இந்தக் காட்சிக்கு அறிமுகமே தேவையில்லை.

அப்படிப்பட்ட வீடுகள் கொஞ்சநஞ்சமும் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கர்நாடகாவில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்பில், வயதுவந்தவர்களில் நாலில் ஒருவருக்கு முந்தைய ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்திருந்தது தெரியவந்தது. உலகம் முழுக்கவே ஆண்களைவிடப் பெண்களைத்தான் இது அதிகம் பிடிக்கிறது. ஒருமுறை வந்தால் 4 மணி நேரத்தில் இருந்து 3 நாள்வரை படுத்தி எடுக்கும்.

எப்போதாவது வந்து போனால் சமாளித்துவிடலாம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் குறைந்தது 8 நாள் மைக்ரேனுக்கே உரிய குணங்களோடு, இப்படி 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை நாள்பட்ட மைக்ரேன் என்கிறார்கள் மருத்துவர்கள். அதாவது, பாதி வாழ்க்கை தலைவலியிலேயே போகிறது. இவர்களில் பலரின் கைப்பையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதோ இல்லையோ, மாத்திரை அட்டை இருக்கும்.

சிக்கலே அந்த அட்டையில்தான் தொடங்குகிறது.

மருந்தே வலியாகும் விபரீதம்

தலைவலிக்குப் போடும் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால், இது மருத்துவப் புத்தகங்களில் தனிப் பெயரோடு இருக்கும் நோய். ஏற்கெனவே தலைவலித் தொல்லை உள்ள ஒருவர், பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ, அல்லது மைக்ரேனுக்கென்றே இருக்கும் ட்ரிப்டான் வகை மாத்திரைகளையும் பல மருந்துகள் கலந்த மாத்திரைகளையும் 10 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கு மேல் விழுங்கிக்கொண்டே இருந்தால், மூளை அந்த மருந்துக்குப் பழகிவிடுகிறது. மருந்தின் வேகம் இறங்கியதும் வலி தலைதூக்கும். அதற்கு இன்னொரு மாத்திரை. இப்படியே சுற்றிச் சுற்றி, 'மாதம் நாலு முறை' என்றிருந்தது 'வாரம் நாலு நாள்' ஆகிவிடும்.

இதைத் தவிர்க்கத்தான் வலியே வராமல் தடுக்கும் தினசரி மருந்துகளை மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். ப்ராப்ரனலால், டோபிரமேட், அமிட்ரிப்டிலின் எல்லாம் அந்த வகை. பலருக்கு இவை நன்றாகவே கேட்கின்றன. ஆனால், எல்லோருக்கும் பொருந்துவதில்லை. ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ராப்ரனலால் ஆகாது. டோபிரமேட் சாப்பிட்டால் சிலருக்கு விரல் நுனி மரத்துப்போகும், பேச்சின் நடுவே வார்த்தை சட்டென்று கிடைக்காது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் அதை எடுக்கக் கூடாது. அமிட்ரிப்டிலின் தூக்கத்தைக் கொண்டுவரும், எடையைக் கூட்டும். வலி வந்தபின் போடும் ட்ரிப்டானோ, இதய நோய் உள்ளவர்களுக்கு விலக்கு. தலை, கழுத்து என 31 இடங்களில் போடப்படும் போடாக்ஸ் ஊசி, 2018-க்குப் பிறகு வந்திருக்கும் சி.ஜி.ஆர்.பி. தடுப்பு ஊசி எல்லாம் உண்டு. அவற்றுக்கு ஆகும் செலவைக் கேட்டாலே பாதிப் பேர் எழுந்து வந்துவிடுவார்கள்.

மருந்து கேட்காதவர்கள், மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், இனி மாத்திரையைக் குறைத்தே ஆக வேண்டியவர்கள் என்று ஒரு பெரிய கூட்டம் இப்படி நடுவழியில் நிற்கிறது. நரம்புத் தூண்டல் சிகிச்சை முக்கியமாக இவர்களுக்காகத்தான். மாத்திரை, ஊசி எதுவும் இல்லாமல், தலைவலியோடு தொடர்புள்ள நரம்பு ஒன்றுக்கு மிகச் சிறிய மின்துடிப்புகளைக் கொடுத்து வலியைத் தணிக்கும் முறை இது.

மீனில் தொடங்கிய கதை

'கரன்ட் வைத்து வைத்தியமா?' என்று பதறுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்றொரு வைத்தியர் இருந்தார். தீராத தலைவலிக்கு அவர் எழுதிவைத்த வைத்தியம், உயிருள்ள மின்சாரத் திருக்கை மீனைப் பிடித்து வலிக்கிற இடத்தில் வைப்பது. மீன் கொடுக்கும் அதிர்ச்சியில் அந்த இடம் மரத்துப்போகும், வலியும் போகும் என்றார். மின்சாரம் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது!

ஏன் அப்படி நடக்கிறது என்பதற்கு உருப்படியான விளக்கம் கிடைக்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 'கதவுக் கோட்பாடு' என்ற ஒன்றை முன்வைத்தார்கள். குழந்தை கீழே விழுந்து முட்டியில் அடிபட்டால், அம்மா ஓடிவந்து அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறாள். அழுகை குறைகிறது. அது வெறும் அன்பின் மகிமை மட்டும் இல்லை என்றார்கள் இருவரும். தொடுதல், தேய்த்தல் போன்ற உணர்வுகளைச் சுமந்து வரும் நரம்பிழைகள் தடித்தவை. வலியைச் சுமப்பவை மெலிந்தவை. இரண்டும் தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொண்டால், தடித்த இழைகள் சுறுசுறுப்பாக இருக்கும்போது அந்தக் கதவு பாதி மூடிக்கொள்கிறது. வலியால் முழுசாக உள்ளே போக முடிவதில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க பேட்ரிக் வாலும், வில்லியம் ஸ்வீட் என்ற நரம்பு அறுவை நிபுணரும் முதலில் தேர்ந்தெடுத்த ஆள்கள் வேறு யாருமில்லை, அவர்களேதான். கன்னத்துக்கு உணர்வு தரும் நரம்பில் தங்களுக்கே ஊசி முனையைச் செருகி மின்துடிப்பு கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளிடம் போனார்கள். 1967-ல் அந்த முடிவு வெளியானது. பிசியோதெரபி கிளினிக்கில் முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் ஒட்டும் 'டென்ஸ்' கருவி, இந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான்.

தலைவலிக்கு வருவோம். மூளைக்கு வலி தெரியாது. வலி தெரிவதெல்லாம் மூளையைப் போர்த்தியிருக்கும் உறைக்கும் அங்குள்ள ரத்தக் குழாய்களுக்கும்தான். அங்கிருந்து வலிச் செய்தியைக் கொண்டுபோவது ட்ரைஜெமினல் என்ற நரம்பு. முகத்தின் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் நெற்றி, கன்னம், தாடை என்று மூன்று கிளைகளாகப் பிரிகிறது. வலி பெரும்பாலும் ஒரு பக்கமாகவே வருவதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். ஆனால், மைக்ரேன் இரண்டு பக்கமும் வரலாம், பக்கம் மாறியும் வரலாம். 'எனக்கு ரெண்டு பக்கமும் வலிக்குது, அதனால இது மைக்ரேன் இல்ல' என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

பின்மண்டையில் இருந்து வரும் ஆக்ஸிபிட்டல் நரம்பும், இந்த ட்ரைஜெமினலும் கழுத்தின் மேல்பகுதியில், தண்டுவடம் தொடங்கும் இடத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஒற்றைத் தலைவலி வரும்போது பின்கழுத்து பிடித்துக்கொள்வது அதனால்தான். பின்மண்டையில் தூண்டினால் நெற்றி வலி தணியக்கூடும் என்ற யோசனையும் இந்தச் சந்திப்பில் இருந்து பிறந்ததே.

நெற்றியில் ஒட்டும் கருவி

இந்தக் கருவிகளில் அதிகம் பேசப்படுவது நெற்றியில் ஒட்டுவது. பெல்ஜியத்தில் உருவான 'செஃபாலி' கருவியை மைக்ரேன் தடுப்புக்காக அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014-ல் அனுமதித்தது. மைக்ரேனைத் தடுப்பதற்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் கருவி அது. இரண்டு புருவங்களுக்கும் நடுவே கொஞ்சம் மேலே ஒரு பசைப் பட்டையை ஒட்டி, கருவியை அதில் பொருத்தி, தினமும் 20 நிமிடம் உட்கார வேண்டும். முதலில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். பிறகு நெற்றி கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவதுபோலத் தோன்றும். சிலருக்குக் கண்ணைச் சொக்கும்.

பலன்? பெல்ஜியத்தில் 67 பேரிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. பாதிப் பேருக்கு உண்மையான கருவி, மீதிப் பேருக்கு அச்சு அசலாக அதே தோற்றத்தில், பலன் தராத அளவுக்கு மிகக் குறைந்த மின்துடிப்பு கொடுக்கும் போலிக் கருவி. 3 மாதம் கழித்துப் பார்த்தபோது, உண்மைக் கருவி வைத்திருந்தவர்களுக்கு மாதத்துக்குச் சராசரியாக 7 நாளாக இருந்த மைக்ரேன் 5 நாளுக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. போலிக் கருவிக்காரர்களிடம் பெரிய மாற்றமில்லை. வலி நாள்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள், உண்மைக் கருவிக் குழுவில் நூற்றுக்கு 38 பேர். போலிக் கருவிக் குழுவில் 12 பேர்.

இந்த எண்களை இரண்டு விதமாகவும் படிக்கலாம். மாதத்துக்கு 2 நாள் குறைவது, விளம்பரங்கள் சொல்லும் 'மைக்ரேனுக்கு குட்பை' இல்லவே இல்லை. நூற்றில் 60 பேருக்கு மேல் அந்தப் பாதி குறைவை எட்டவும் இல்லை. அதே சமயம், பிள்ளையின் ஆண்டு விழா, ஆபீஸ் இன்டர்வியூ, நாத்தனார் வீட்டுக் கல்யாணம் என்று ஒவ்வொன்றையும் இருட்டறையில் படுத்துக் கோட்டைவிட்ட ஒருவருக்கு, வருடத்தில் 24 நாள் திரும்பக் கிடைப்பது சாதாரண விஷயமும் இல்லை. மருந்தின் பக்கவிளைவு ஏதும் இல்லாமல் கிடைக்கிறது என்பது கூடுதல்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் அடிக்கடி மைக்ரேன் வருகிறவர்கள்தான். மாதத்தில் பாதி நாள் வலியோடு இருக்கும் நாள்பட்ட நோயாளிகள் இல்லை. நாள்பட்டவர்களுக்கு இந்தக் கருவி எவ்வளவு உதவும் என்பதற்கான ஆதாரம் இதைவிட மெலிதானது.

அதோடு, தினமும் 20 நிமிடம் என்று சொல்லப்பட்டும், ஆய்வில் இருந்தவர்கள் 90 முறைக்குச் சராசரியாக 55, 56 முறைதான் பயன்படுத்தினார்கள். டாக்டர்கள் கண்காணித்துக்கொண்டிருக்கும்போதே இந்த நிலை. வாங்கிய ஜோரில் நாலு நாள் நடந்துவிட்டு அப்புறம் துணி உலர்த்தப் பயன்படும் ட்ரெட்மில் கதை இந்தக் கருவிக்கும் நேரலாம். இதை வாடகைக்கு எடுத்துப் பார்த்த 2,313 பேரிடம் கேட்டபோது, 53 சதவீதம் பேர் திருப்தியாக இருக்கிறது, விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். மற்றவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தொந்தரவு என்று ஏதாவது சொன்னவர்கள் 4.3 சதவீதம் பேர்தான். நெற்றியில் அந்த உணர்வே பிடிக்கவில்லை, தூக்கம் வருகிறது என்பதுபோன்ற புகார்கள். கடுமையான பாதிப்பு எதுவும் இல்லை.

வலி தலையில், பட்டை கையில்!

நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஆபீஸில் உட்கார முடியாது என்பவர்களுக்கு இன்னொரு வகை வந்திருக்கிறது. மேல்கையில் கட்டிக்கொள்ளும் பட்டை. 'நெரிவியோ' என்ற பெயரில் இஸ்ரேலைச் சேர்ந்த நிறுவனம் உருவாக்கியது. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2023-ல் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இங்கே அறிமுகமானபோது 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானதாக இருந்தது. செல்போனில் ஒரு செயலியைத் திறந்து, தாங்கக்கூடிய அளவுக்குத் துடிப்பைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். வலி தொடங்கியதும், முடிந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள், 45 நிமிடம் கட்டியிருக்க வேண்டும். புடவை பிளவுஸுக்குக் கீழேயோ முழுக்கைச் சட்டைக்குள்ளேயோ இருந்தால் வெளியில் தெரியாது.

தலைவலிக்குக் கையில் வைத்தியமா என்ற கேள்வி நியாயமானதே. முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்களே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். உடம்பின் ஒரு மூலையில் வலுவான உணர்வு ஒன்றை எழுப்பினால், மூளைத்தண்டு தன்னிடம் இருக்கும் வலி அடக்கும் ஏற்பாட்டை இயக்கிவிடுகிறது. அந்த ஏற்பாடு ஓர் இடத்துக்கு மட்டும் என்றில்லாமல் உடம்பு முழுவதற்கும் வேலை செய்கிறது. அதனால் கையில் கொடுத்த துடிப்பு தலைக்கும் எட்டுகிறது. துடிப்பு உறைக்கும் அளவுக்கு இருக்க வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது. அந்த அளவைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

252 பேரிடம் நடந்த ஆய்வில், 2 மணி நேரம் கழித்து வலி குறைந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 67 பேர். போலிக் கருவியில் 39 பேர். வலி முழுக்கவே போனவர்கள் 37 பேர். போலியில் 18 பேர்.

கவனித்துப் பார்த்தால், போலிக் கருவியில்கூட 39 பேருக்கு வலி குறைந்திருக்கிறது. இந்தத் துறையின் பெரிய தலைவலியே இதுதான். மாத்திரை ஆய்வில் சர்க்கரை உருண்டையைக் கொடுத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கருவியிலோ, துடிப்பு தெரிந்தால் 'நமக்கு நிஜம்', தெரியாவிட்டால் 'நமக்குப் போலி' என்று நோயாளி ஊகித்துவிடுவார். நிஜம் என்று நம்புகிற மனமே பாதி வலியைக் குறைத்துவிடும். அதனால், பக்கத்தில் போலிக் கருவியின் எண்ணை வைக்காமல், 'எங்கள் கருவியில் 67 சதவீதம் பேருக்குக் குணம்' என்று மட்டும் சொல்லும் விளம்பரத்தைப் பார்த்தால் கொஞ்சம் நின்று யோசிப்பது நல்லது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் கருவியின் சொந்தச் சம்பாத்தியம்.

கழுத்தின் பக்கவாட்டில் 2 நிமிடம் வைத்துக்கொள்ளும் கருவியும் உண்டு. கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டும் 'காமாகோர்' அது. 248 பேரிடம் நடந்த மைக்ரேன் ஆய்வில், அரை மணி நேரத்திலும் ஒரு மணி நேரத்திலும் வலி முழுக்கப் போனவர்கள் போலியைவிடக் கூடுதலாக இருந்தார்கள். ஆனால், ஆய்வாளர்கள் முன்கூட்டியே குறித்துவைத்திருந்த 2 மணி நேரக் கணக்கில் வித்தியாசம் உறுதிப்படவில்லை. இதற்கு வலுவான இடம் வேறு ஒரு தலைவலியில் இருக்கிறது. பின்மண்டையில் காந்தத் துடிப்பு கொடுக்கும் கருவி ஒன்றும் அமெரிக்காவில் 2013-லேயே அனுமதி பெற்றது. அது நம் ஊர் வீடுகளுக்கு வரும் ரகம் இல்லை.

கண்ணைச் சுற்றிக் குடையும் இன்னொரு ரகம்

ஒரு பக்கமாக வருகிற தலைவலி எல்லாமே மைக்ரேன் கிடையாது. க்ளஸ்டர் தலைவலி என்று ஒன்று இருக்கிறது. ஒரே பக்கக் கண்ணைச் சுற்றிப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குடைவதுபோல வரும். அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் கொட்டும், இமை தொங்கும், அந்தப் பக்க மூக்கு அடைத்துக்கொள்ளும். கால் மணி நேரத்தில் இருந்து 3 மணி நேரம்வரை நீடிக்கும். மைக்ரேன்காரர் அசையாமல் படுத்திருப்பார். இவரோ உட்காரவும் முடியாமல், படுக்கவும் முடியாமல் கூண்டுப் புலிபோல நடப்பார். பல நேரம் நள்ளிரவில், கடிகாரம் வைத்ததுபோல அதே மணிக்கு வரும். ஆண்களுக்குத்தான் அதிகம். முகமூடி வழியாக வேகமாகக் கொடுக்கும் ஆக்ஸிஜன் இதற்குக் கைகண்ட மருந்து என்பது பலருக்குத் தெரியாது. பல் டாக்டர், கண் டாக்டர், சைனஸ் டாக்டர் என்று வருஷக்கணக்கில் சுற்றிவிட்டுத்தான் நரம்பியல் மருத்துவரிடம் வந்து சேருகிறார்கள்.

விட்டுவிட்டு, சீசன்போல வரும் க்ளஸ்டர் வலியைத் தணிக்கத்தான் வேகஸ் நரம்புக் கருவிக்கு 2017-ல் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது. பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பும் 2019-ல் க்ளஸ்டர் தலைவலிக்கு அதைப் பரிந்துரைத்தது. இடைவெளியே இல்லாமல் வரும் நாள்பட்ட வகையில், வந்த வலியை நிறுத்துவதில் அது அவ்வளவு சோபிக்கவில்லை.

எந்த மருந்தும் கேட்காத அந்த நாள்பட்ட க்ளஸ்டர் நோயாளிகளுக்குத்தான் அறுவை சிகிச்சை வழி. பின்மண்டைத் தோலுக்கு அடியில், ஆக்ஸிபிட்டல் நரம்பின்மேல் மெல்லிய கம்பியைப் பதித்து, மார்பிலோ வயிற்றிலோ ஒரு பேட்டரியை வைத்துத் தைத்துவிடுவார்கள். நெதர்லாந்து மருத்துவர்களின் தலைமையில் நடந்து, 2021-ல் வெளியான ஆய்வில் 150 பேர் சேர்ந்தார்கள். சிகிச்சைக்குப் பின், வாரத்துக்கு 16 முறைக்குப் பக்கமாக வந்துகொண்டிருந்த வலி, ஏழரை முறைக்கும் கீழே இறங்கியது. வாழ்க்கையே கைவிட்டுப் போனதாக நினைத்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால், அதே ஆய்வில் ஒரு புதிரும் இருக்கிறது. பாதிப் பேருக்கு முழு அளவு துடிப்பும், மீதிப் பேருக்கு 30 சதவீதத் துடிப்பும் கொடுத்தார்கள். இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் குறைந்தது. கொஞ்சம் துடிப்பே போதுமா, அல்லது நம்பிக்கையும் காலமும் சேர்ந்து செய்த வேலையா என்ற விவாதம் முடியவில்லை. கம்பி நகர்ந்துபோவது, பேட்டரி தீர்வது, தொற்று ஏற்படுவது என்று மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியவர்களும் கணிசம்.

உடலுக்குள் கருவி பதிப்பதில் பலர் யோசிக்காத ஆபத்து ஒன்று உண்டு. கன்னத்துக்குள், மூக்குக்குப் பின்னால் இருக்கும் நரம்பு முடிச்சு ஒன்றில் பதிக்கும் சின்னக் கருவியை அமெரிக்க நிறுவனம் ஒன்று க்ளஸ்டர் நோயாளிகளுக்காகத் தயாரித்தது. வலி வரும்போது கன்னத்தில் ஒரு ரிமோட்டை வைத்து அழுத்தினால் போதும். 700-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பதித்தார்கள். பலருக்கு நன்றாகவே வேலை செய்தது. 2019 வாக்கில் நிறுவனம் பணமில்லாமல் மூடப்பட்டது. ரிமோட் பழுதானாலும் பேட்டரி தீர்ந்தாலும் கேட்க ஆளில்லை. அமைப்பை மாற்றித்தர மென்பொருள் இல்லை. வலியும் வந்தது, கன்னத்துக்குள் கருவியும் அப்படியே இருந்தது. உடலுக்குள் எதையாவது பதிக்கச் சொல்லும் மருத்துவரிடம், 'இன்னும் 10 வருஷம் கழித்து இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்று கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை.

வாங்குவதற்கு முன்

முதல் வேலை, அது எந்தத் தலைவலி என்று நரம்பியல் மருத்துவரிடம் தெரிந்துகொள்வது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் பிரிவிலேயே இதைச் செய்துகொள்ளலாம். ஹெமிக்ரேனியா கன்டின்யுவா என்று ஒரு ஒற்றைப்பக்கத் தலைவலி இருக்கிறது. மாதக்கணக்கில் ஒரே பக்கம் விடாமல் வலிக்கும். அது இண்டோமெதசின் என்ற மாத்திரைக்குச் சொல்லிவைத்ததுபோலக் கட்டுப்படும். அதைக் கண்டுபிடிக்காமல் கருவி கருவியாக வாங்கிக் குவித்தால் பணம்தான் விரயம்.

பேஸ்மேக்கரோ, உடலில் பதித்த வேறு மின்கருவியோ இருப்பவர்கள், தலையில் உலோகத் தகடு வைத்திருப்பவர்கள் இந்தக் கருவிகளின் பக்கமே போகக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. ஆன்லைனில் 'மைக்ரேன் மசாஜர்' என்ற பெயரில் வரும் அதிர்வுப் பட்டைகளுக்கும் மேலே சொன்ன ஆய்வுகளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தாத்தாவின் முழங்காலுக்கு வாங்கிய டென்ஸ் கருவியை எடுத்துத் தலையிலோ கழுத்தின் முன்பக்கத்திலோ ஒட்டிப் பார்ப்பது ஆபத்து. கழுத்தின் முன்பக்கம் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் கட்டுப்படுத்தும் இடம்.

செலவைக் கேட்கும்போது கருவியின் விலையோடு நிறுத்திவிடக் கூடாது. நெற்றிக் கருவிக்குப் பசைப் பட்டை அவ்வப்போது மாற்ற வேண்டும். கைப்பட்டை குறிப்பிட்ட முறைகள் பயன்படுத்தியதும் தீர்ந்துவிடும், புதிது வாங்க வேண்டும். ஒருமுறை வலிக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்த்தால்தான் உண்மைக் கணக்கு தெரியும். வாடகைக்குக் கிடைக்குமா, ஒத்துக்கொள்ளாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடலாம்.

சில தலைவலிகளுக்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஆம்புலன்ஸ்தான் வேண்டும். இடி விழுந்ததுபோல ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்து வரும் வலி, கை கால் இழுத்துக்கொள்வது, பேச்சு குழறுவது, அடிபட்ட பிறகு அதிகமாகிக்கொண்டே போகும் வலி இவையெல்லாம் அந்தப் பட்டியலில் வரும். 50 வயதுக்கு மேல் முதன்முறையாகப் புதிதாக ஆரம்பிக்கும் தலைவலியையும் 'ஒற்றைத் தலைவலிதான்' என்று வீட்டிலேயே பெயர் வைத்துவிடாமல் காட்டிவிட வேண்டும்.

கருவியைத் தொடங்குகிறவர்கள், அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே காலண்டரில் குறித்து வரலாம். வலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு கோடு. அவ்வளவு போதும். ஏற்கெனவே சாப்பிடும் தடுப்பு மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கருவியை அதோடு சேர்த்தும் பயன்படுத்தலாம். தினசரி பயன்படுத்தும் வகை என்றால் 3 மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு, வட்டங்களையும் கோடுகளையும் எண்ணிப் பார்த்து, அந்தத் தாளை டாக்டரிடம் எடுத்துப் போனால், தொடர்வதா விடுவதா என்று பத்து நிமிடத்தில் பேசி முடித்துவிடலாம். வட்டங்கள் அப்படியே இருந்து கோடுகள் மட்டும் பாதியாகக் குறைந்திருந்தாலும் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை குறைந்த பிறகு அடுத்தடுத்த மாதங்களில் வட்டங்களும் குறையத் தொடங்குவது உண்டு.